ஒற்றைக் கொம்பின் இரட்டைப் பொருள்

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கின்றன. பனையோலைக்கு அந்த ஆயுள் இல்லை; ஈரமும் பூச்சியும் சில நூற்றாண்டுகளில் அதை அரித்துவிடும். படியெடுப்பவர் கை ஓயாதவரைதான் ஏடு வாழ்ந்தது. அதே கடற்கரையில் வடக்கே, 1943-இல் தோன்றி இன்று சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் 2,000-க்கும் மேற்பட்ட சுவடிகளைக் காப்பது அதனால்தான் பெரும்பணி.

நூல்கள் அச்சேறிவிட்டனவே, ஓலை எதற்கு என்று கேட்கலாம். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை, குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பும் ஒற்றைதான். ‘கொடு’ என்றிருந்தால் அது கொடுப்பதா, யானையின் கோடா என்பதை இடம் பார்த்துப் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். அச்சு அந்த முடிவுகளில் ஒன்றை மட்டுமே தருகிறது. அந்த நூல்நிலையம் பெயர் தாங்கும் சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல சுவடிகளை ஒப்பிட்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஒளிப்படம் போதாதா என்றால், படம் அவசியம்தான். ஏட்டின் தேய்மானத்தை அது குறைக்கும். ஆனால் எழுத்தாணி பதிந்த ஆழமும் ஓலையின் வயதும் ஏட்டிடமே இருக்கின்றன. பாடத்தில் ஐயம் எழும்போது இறுதிச் சாட்சி அதுதான். சாட்சியை இழந்தபின் வாதத்துக்கு வழியில்லை.