பேரும் உறவும்

ஒரு சமுதாயத்தின் தொழிலமைப்பை அறிதற்கு அதன் சட்டங்களைப் போலவே அதன் சொற்களும் துணைபுரியும். மலையகத் தோட்டங்களில் வழங்கும் 'பெரட்டு', 'பேர்' என்னும் இரு சொற்கள் இதற்குச் சான்றாவன.

அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே பெரட்டு. விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடி, அன்றைய வேலையை ஏற்றுச் செல்லும் களம் அது. எனினும், அங்கே வேலைப் பகிர்வு பெரும்பாலும் முன்னரே முடிந்துவிட்டதொன்றாகும். கொழுந்தெடுத்தல் பெண்களுக்கு, கவ்வாத்தும் கான்வெட்டும் ஆண்களுக்கு. எந்த மலையில் எடுப்பது என்பதைத் தளிர் முற்றும் காலமே வரையறுக்கும். ஆளை நோக்காது விதியே வேலையைப் பகிரும் இவ்வொழுங்கு, தானே இயங்கும் பொறி போன்றது.

ஆயினும், பொறிக்கு எட்டாத இடமும் ஒன்றுண்டு. கொழுந்து செழித்த நிரை எவளுக்கு, சரிவும் கல்லும் நிறைந்த நிரை எவளுக்கு என்பது கங்காணியின் வாய்ச்சொல். பழைய முறையிலோ, வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் பெரியகங்காணி ஒரு சிறுதொகை பெற்றான். ஆகவே ஆட்டொகையைப் பெருக்குவதில் அவனுக்கு ஊதியம் இருந்தது.

இனி, 'பேர்' என்பது ஒருநாட் கூலிக்குப் பெயர். குறித்த நிறை கொழுந்து எடாதவளுக்கு 'அரைப்பேர்'. மனிதரின் பெயர் கூலியின் அளவாகி, பாதியாக வெட்டப்படவும் இடங்கொடுத்து நிற்கின்றது.

பூண்டுலோயா மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இவ்வுலகை உள்ளிருந்து அறிந்தவர். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியானவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய ஆங்கிலக் கவிதை பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அக்கவிதை மாண்டோரைப் பெரிதும் ஒரு கூட்டமாகவே காண்கின்றது. அதன் இரக்கம் ஆழமானதெனினும், ஆட்களைத் தொகையாக்கும் பெரட்டின் பார்வை அதனை முற்றும் விட்டகலவில்லை. அவர் தொகுத்த தோட்டப் பாடல்களோ 'மாமன் மகனே' என்னும் பெயரில் நூலாயின. அத்தலைப்பே ஒருத்தி ஒருவனை உறவு சொல்லி விளிக்கும் விளி. செக்றோல் ஏட்டில் அவன் ஒரு பேர். பாட்டில் அவன் மாமன் மகன்.

மலையக இலக்கியத்தின் அவலச்சுவையையே மெச்சும் திறனாய்வு போதுமானதன்று. துன்பத்தை மட்டுமே எண்ணுவதும் ஆட்களை மீண்டும் தொகையாக்குவதேயாகும். ஒரு படைப்பில் தொழிலாளி எவ்வாறு விளிக்கப்படுகின்றான் என்பதையே திறனாய்வாளர் முதற்கண் நோக்குதல் வேண்டும்.