இரண்டாவது கியரில் ஆனைமலை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாவது. லோம் என்ற வெள்ளைக்காரரின் பெயரால் லோம்ஸ் வியூ என்று வழங்கும் காட்சிமுனை அங்கேதான் இருக்கிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கிற இடம். எனக்கு அந்த வளைவு பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. முதல் எட்டு வளைவுகளிலும் கை கிளட்சைத் தேடும், கால் கியரைத் தேடும், கண் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது வரும்போது இந்தத் தேடலெல்லாம் அடங்கியிருக்கும். வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிரும். மலைப்பயணத்தின் சுகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பைக்கில் ஒரு கொண்டை ஊசி வளைவை ஏறிக் கடப்பது பார்க்கிறவர்களுக்குச் சில நொடி வேலை. அதற்குள் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். வளைவுக்குள் நுழைந்தபின் கியர் மாற்றினால் வண்டி திணறும். ஆகவே எண் பலகை கண்ணில் பட்டதுமே இரண்டாவதுக்கு இறக்கிவிட வேண்டும். ஒரு ஹாரன். அடித்துவிட்டு அரை நொடி காது கொடுக்க வேண்டும், மேலிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று. பிறகு தலையைத் திருப்பி, சாலை வளைந்து எங்கே வெளியேறுகிறதோ அங்கே பார்வையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கண் போன இடத்துக்கு வண்டி போகும்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுக்கும் வலப்பக்கம் திரும்பும் வளைவுக்கும் குணமே வேறு. நாம் சாலையின் இடது ஓரம் போகிறவர்கள் என்பதால், ஏறும்போது இடது திருப்பத்தில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். குறுகல், செங்குத்து, எஞ்சின் கொஞ்சம் முனகும். வலது திருப்பத்தில் வெளிவட்டம். இடம் தாராளம், ஏற்றம் குறைவு, ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு பெரிய வில்லாக வளைந்து போகலாம். குறிலும் நெடிலும் மாறி மாறி வருவதுபோல இந்தச் சாலை குறுகலும் அகலமுமாக ஏறிக்கொண்டே போகிறது. அந்த நடை உடம்புக்குப் பிடிபட்டுவிட்டால் வேகமாகப் போகவேண்டும் என்ற ஆசையே எழாது. இந்த மலையில் விரட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கையில் கிடைத்த நல்ல பாட்டை அவசரமாக ஒப்பித்துவிட்டுப் போகிறார்களே என்று.

எதிரே அரசுப் பேருந்து இறங்கி வந்தால் நியாயம் கொஞ்சம் மாறும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது விதி. ஆனால் பேருந்துக்கு வளைவின் அகலம் முழுவதும் வேண்டும். ஆகவே வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுவோம். முகப்பு மெதுவாகத் திரும்பி, கைப்பிடிச்சுவரை ஒட்டி வந்து, பின்சக்கரம் உள்பக்கக் கல்லைத் தொடாமல் கடக்கும். ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே கையை லேசாக உயர்த்துவார். பிரேக் லைனிங்கின் சூட்டு வாசனை ஒரு கணம் வந்து போகும். அந்த மலையில் இருப்பதிலேயே சிறந்த ஓட்டிகள் அவர்கள்தான் என்பது என் முடிவு. பயணிகளை ஏற்றிக்கொண்டு, நேரக் கணக்கும் பார்த்துக்கொண்டு, பனியிலும் மழையிலும் அதே 40 வளைவுகளைப் பதற்றமில்லாமல் கடக்கிறார்கள்.

எங்கள் கூட்டம் சின்னது. பள்ளிக் காலத்திலிருந்து கூட இருக்கிறவர்கள். ஒருவன் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், ஒருவனுக்குப் பம்ப்செட் உதிரிபாகக் கடை, மற்றவர்கள் அலுவலகக்காரர்கள். பட்டறைக்காரன் எப்போதும் கடைசி வண்டி. முன்னால் போகும் எல்லா வண்டிகளின் சத்தமும் அவன் காதில் விழவேண்டும் என்பதற்காக அவனே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. ஆழியாறு சோதனைச்சாவடியில் நிற்கும்போது வந்து சொல்வான்: "மாப்ள, உன் வண்டில டேப்பெட் சத்தம் கேக்குது. திரும்பி வந்ததும் பட்டறைக்கு எடுத்துட்டு வா." பிறகு குனிந்து, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் தூக்கிப் பார்ப்பான். ஓர் அங்குலம் ஆடினால் தலையசைப்பு. அதற்கு மேல் ஆடினால் ஸ்பேனர் வெளியே வரும். செயினைத் தூக்கும் அந்த விரலில் ஒரு மரியாதை இருக்கும்.

இதைக் கோயம்புத்தூர்க் குணம் என்றே சொல்வேன். மோட்டாரும் பம்ப்பும் வார்ப்படமுமாக வளர்ந்த ஊர். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார் என்ற கதையை இங்கே கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. ஓட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிற மனசு. எங்கள் பட்டறைக்காரனின் காதும் அந்த வழியில் வந்ததுதான்.

புரட்டாசி தொடக்கத்தில் போவது எங்களுக்குப் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை ஓயும் சமயம், மலை கழுவிவிட்டதுபோலப் பச்சையாக இருக்கும். விடியற்காலையில் உக்கடத்தைத் தாண்டிக் கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி வரைக்கும் அகலமான நெடுஞ்சாலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொள்ளாச்சியைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்ததும் கதை மாறும். தென்னை நார் ஊறும் வாடை, வாய்க்கால் ஈரம், சாலையோரப் புளியமரங்களுக்கு அடியில் சட்டென்று குறையும் சூடு, மரம் விட்டதும் மறுபடி வெயில். காரில் போகிறவர்களுக்கு இது நிழலும் வெளிச்சமும் மட்டும். பைக்கில் தோலே சொல்லிவிடும், எந்த மரம் தனி, எது தோப்பு, எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று.

ஓடுகிற அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்ததே ஒரு பெரிய வேலை. மேற்கே போய்க் கடலில் கலக்கவேண்டிய ஆற்று நீரை, மலையைக் குடைந்து சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை நேரு 1961-ல் தொடங்கி வைத்தார். ஒன்பதாவது வளைவிலிருந்து பார்க்கும்போது தெரிகிற நீலப் பரப்பும், அதற்கப்பால் அடிவானம் வரை விரியும் தென்னைப் பச்சையும் ஒன்றுக்கொன்று உறவு. கீழே அந்த நிழலில் ஓட்டி வந்தவர்களுக்குத்தான் மேலிருந்து பார்க்கும்போது அந்த உறவு முழுசாகப் புரியும்.

அந்த வளைவையொட்டிய பாறைகளில் வரையாடுகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 என்று எண்ணினார்கள். அத்தனை அரிய உயிர் இங்கே சாலையோரத் தடுப்புச்சுவரின் மேல் நின்று புல் மெல்லுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் மெல்லும் சத்தம்கூடக் கேட்கும். கிடாவின் கொம்பு பின்பக்கமாக வளைந்திருக்கும், குறுக்கே வரிவரியாகச் சுருக்கங்கள். முன்னங்கால்கள் இரண்டையும் ஓர் அடி அகலம்கூட இல்லாத கல்லில் சேர்த்து வைத்துக்கொண்டு, கீழே நூறு அடிப் பள்ளம் இருப்பதைப் பொருட்படுத்தாமல் நிற்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கக் கற்றுக்கொண்ட பெருமையில் இருக்கும் நாங்கள், அந்த நிற்பைப் பார்த்துப் பேச்சில்லாமல் நிற்போம். அவற்றுக்கு எதையும் தின்னக் கொடுக்காமல், கிட்டே போகாமல் விட்டுவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய நன்மை.

அட்டகட்டியைத் தாண்டும்போது சட்டையின் கைக்குள் காற்று சில்லென்று நுழையும். பிறகு தேயிலை. கொழுந்து பறித்து முடித்த சரிவு தட்டையாக, இளம்பச்சையாக இருக்கும். கவாத்து வெட்டிய சரிவில் குச்சிகள் மட்டும். வால்பாறையை நெருங்கும்போது தொழிற்சாலைப் பக்கமிருந்து, வாடவிட்ட இலையின் வாசனை சாலைவரை வரும். பச்சைக்கும் காய்ந்ததற்கும் நடுவே, லேசாகப் பழவாசனை கலந்தது. அது மூக்கில் பட்டதும் யாராவது ஒருவன் இண்டிகேட்டர் போடுவான். டீக்கடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏனுங் தம்பி, கீழ வெயிலுங்களா?" என்பார் கடைக்கார அம்மா.

"ஆமாங்கக்கா, நல்ல வெயிலுங்க. நாலு டீங்க."

புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களைக் கவனிக்காமல் போய்விடக் கூடாது. சிங்கவால் குரங்குகள் தரையில் இறங்கி வண்டியில் அடிபடாமல் கிளைவழியே கடப்பதற்காக, இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் கட்டியவை. வெள்ளைப் பிடரி சூழ்ந்த கறுப்பு முகம் ஒன்று அந்தப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து கீழே எங்கள் ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பங்களில் சிவப்பு விளக்குகளும் உண்டு. யானைக் கூட்டம் பக்கத்தில் நின்றால் செல்போன் மூலமாகவே அவற்றை எரியவிடுவார்கள். தோட்டத் தொழிலாளர்கள் அதைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வார்கள். ஒரு மலைச்சாலை தன்னைப் பயன்படுத்தும் எல்லா உயிர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள முயல்வதை நான் இங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் அதே வழியில் இறக்கம். ஏறும்போது புல்லட்டின் நாள். அடிவேகத்திலேயே இழுவை இருப்பதால் வளைவில் அவசரப்படாமல் குரலை மட்டும் கனமாக்கிக்கொண்டு ஏறும். இறங்கும்போது கண் எல்லாம் ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் நண்பன் மேல்தான். 1985 முதல் 1996 வரை வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி, 98 சிசி. கோவையில் அதைப் பிள்ளைபோல வளர்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு ஆயில் போவது ஆக்சிலேட்டரோடு இணைந்த பம்ப் வழியாக. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் ஆயில் குறையும், எஞ்சின் காயும். அதனால் அவன் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு முறுக்குவான். "ர்ர்ரிங்" என்று ஒரு சத்தம், சன்னமாய் ஒரு நீலப்புகை. தெரியாதவர்களுக்கு அது சேட்டை. எஞ்சினுக்கு அது தாகம் தணிகிற நேரம். அதை ரசிப்பதற்காகவே நான் அவனுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துக்கொள்வேன்.

கொல்லிமலைக்கு 70 வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. இரண்டும் கொங்குச் சீமையின் பெயர்பெற்ற ஏற்றங்கள். கொல்லியில் வளைவுகள் மிக நெருக்கம். கவனம் முழுவதையும் சாலையே வாங்கிக்கொள்ளும், மலைக்கு மிச்சம் இருக்காது. திம்பத்தில் லாரிகளோடு பங்கு போட வேண்டும். ஆழியாற்றுச் சாலை ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் நிமிர்ந்து பார்க்க நேரம் தருகிறது. அதனால் என் ஓட்டு அதற்கே.

இந்தப் பயணத்தின் இரண்டாம் பாதி உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர். ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தால் வால்பாறைக்கு நேர்மாறான உலகம். மேற்கிலிருந்து வரும் மழையை உயர்ந்த மலைகள் தடுத்து வைத்துக்கொள்ள, இந்தப் பக்கம் மழை மறைவு. முள்மரம், கள்ளி, செம்மண், வறண்ட காற்று. சின்னாறு தாண்டிக் கேரள எல்லைக்குள் ஏற ஏற ஒவ்வொன்றாக மாறும். முதலில் ஆற்றோர மரங்கள் உயரும். பிறகு கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள், எந்த வாசனையும் தராமல், சாதாரணமாக நிற்கும். அடுத்து கரும்புத் தோட்டம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வரும் ஆவி சாலையைக் கடக்கும்போது முகத்தில் இனிப்பாகப் படும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையைக் கையில் வாங்கினால் கருஞ்சிவப்பு, மேலே பிடித்தவரின் விரல் தடம். நாக்கில் உப்பு இல்லாத சுத்தமான இனிப்பு. பாறை மேட்டில் முனியறைகள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். வாகுவரை, தலையாறு பக்கம் போவதற்குள் மறுபடி தேயிலை, மறுபடி மேகம். கள்ளியிலிருந்து தேயிலைக்கு ஒரு காலைப்பொழுதுதான். ஜெர்க்கினைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அந்த மாற்றம் முழுவதும் உடம்பில் பதிந்துவிடும்.

திரும்பி இறங்கி உடுமலைச் சமவெளிக்கு வந்தால் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று புரட்டாசி பிறந்தும் ஓயாது. இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதுபோலத் தோன்றும். ஆனால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் தள்ளலில் அதன் பலம் தெரியும். நேர்ச்சாலையில், வளைவே இல்லாத இடத்தில், எங்கள் கூட்டத்தின் அத்தனை வண்டிகளும் மேற்குப் பக்கமாக ஒரே அளவில் சாய்ந்துகொண்டு போகின்றன. ஒரு லாரி வந்து காற்றை மறைத்தால் எல்லாம் சட்டென்று நிமிர்கின்றன. லாரி கடந்ததும் மறுபடி சாய்கின்றன. பின்னாலிருந்து பட்டறைக்காரன் கத்துகிறான், "டேய், மடத்துக்குளம் வரைக்கும் இப்படியே போலாம்டா!"