எலெக்ட்ரானுக்கு ஆசை உண்டா?

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். அது விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியிலோ சாத்தூரிலோ செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தொழில், அந்த வறண்ட பூமியில் வேரூன்றி, பின்னர் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது என்பதை நாம் அறிவோம். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உரசுகிறீர்கள். அது எரிகிறது. ஏன் எரிகிறது?

நம் பாடப் புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும், ஏன், நம்மைப் போன்ற அறிவியல் இதழ்களும்கூட இதற்கு ஒரே மாதிரியான விடையைத்தான் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. ஆக்சிஜன் அணுவின் வெளிக்கூட்டில் ஆறு எலெக்ட்ரான்கள் உள்ளனவாம். அதை எட்டாக்கிக் கொள்ள வேண்டும் என்று அதற்கு ஆசையாம். எனவே அது பிற அணுக்களிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக் கொள்கிறதாம். அந்தப் பறிப்புக்குப் பெயர்தான் எரிதல் என்பார்கள்.

இந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நினைவில் நிற்கிறது, தேர்வுக்கு உதவுகிறது, சமன்பாடு எழுதக் கற்றுத் தருகிறது. ஆயினும் ஒரு விளக்கத்தை நாம் மதிப்பிட வேண்டியது, அது எத்தனை எளிதாக மனத்தில் பதிகிறது என்பதைக் கொண்டு மட்டும் அன்று. கண்முன் நடப்பதை அது உண்மையில் விளக்குகிறதா என்பதைக் கொண்டும்தான். சிவகாசித் தொழிலிலிருந்தே மூன்று உரைகற்களை எடுத்து இவ்விளக்கத்தை உரசிப் பார்ப்போம்.

முதல் உரைகல்: எரியாத குச்சி

எரிகிற குச்சியை விட்டுவிடுங்கள். எரியாத குச்சியைப் பாருங்கள். பெட்டிக்குள் ஐம்பது குச்சிகள் சும்மா கிடக்கின்றன. சுற்றிலும் காற்று, அதில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன். பறிப்பதற்கு அத்தனை ஆசை கொண்ட ஆக்சிஜன், இந்த மரக்குச்சியை ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருப்பானேன்? மரம் மட்டுமா? நீங்கள் படிக்கும் இந்தத் தாள், உடுத்தியிருக்கும் பருத்தித் துணி, உங்கள் உடல் எல்லாமே கரிமப் பொருள்கள்தாம். ஆசைதான் காரணம் என்றால் இவையெல்லாம் எப்போதோ சாம்பலாகியிருக்க வேண்டுமே!

விடை, எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே பிணைப்பில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? 1916-இல் ஜி. என். லூயிஸ், அணுக்கள் ஓர் எலெக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்றார். 1925-இல் பௌலி, ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கலாம், ஆனால் அவற்றின் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தாக வேண்டும் என்னும் விதியைக் கண்டார். 1927-இல் ஹைட்லரும் லண்டனும் இவ்விரண்டையும் இணைத்து ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கத்தான் செய்கின்றன. இரு அணுக்கருக்களின் ஈர்ப்பு அந்த விலக்கத்தை வெல்கிறது. அவ்வளவே.

இங்கே இன்னொரு தவறான உவமையையும் சுட்டிவிட வேண்டும். எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட எலெக்ட்ரான்கள் இரண்டு சிறு காந்தங்களைப் போல ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் பிணைப்பு உண்டாகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் காந்த விசை மிக மிகச் சிறியது. பிணைப்பைத் தாங்க அதனால் ஆகாது. எதிர்ச்சுழற்சி என்பது ஒரே இடத்தில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு போன்றது. கட்டிவைக்கும் கயிறு அன்று.

இப்போது குச்சிக்குத் திரும்புவோம். மரத்தின் செல்லுலோஸில் ஏறக்குறைய எல்லா எலெக்ட்ரான்களும் இணை இணையாகவே உள்ளன. ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறின் பதினாறு எலெக்ட்ரான்களில் இரண்டு இணை சேராமல், ஒரே திசைச் சுழற்சியுடன் தனித்தனியே நிற்கின்றன. ஒரே திசையில் சுழல்பவை ஒன்றையொன்று விட்டு விலகியே இருப்பதால் அவற்றிடையே விலக்கம் குறைகிறது. அதனால் ஆக்சிஜனுக்கு அதுவே குறைந்த ஆற்றல் நிலை. இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. மைனஸ் 183 டிகிரி அளவுக்குக் குளிர்வித்த திரவ ஆக்சிஜனை வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கும்.

எல்லாம் இணையாக உள்ள ஒரு மூலக்கூறோடு, இணையற்ற இரண்டு ஒருதிசை எலெக்ட்ரான்களைக் கொண்ட ஆக்சிஜன் நேரடியாகச் சேர்வதென்றால், நடுவில் ஒரு சுழற்சி தலைகீழாக மாற வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. அந்தத் தடையின் தயவில்தான் காடுகள் தாமாகப் பற்றுவதில்லை. நாமும் உயிரோடு உலவுகிறோம்.

உரசல் என்ன செய்கிறது? பெட்டியின் பட்டையிலுள்ள சிவப்புப் பாஸ்பரஸ் சிறிது, குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டோடு உராய்ந்து பற்றுகிறது. அந்த வெப்பத்தில் முனையிலுள்ள கந்தகமும் குளோரேட்டும் வினைபுரிகின்றன. குளோரேட்டிலுள்ள ஒவ்வொரு குளோரினும், கணக்குப்படி, ஆறு எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சூட்டில் மெழுகின், மரத்தின் பெரிய மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடைகின்றன. உடைந்த துண்டுகளின் முனையில் இணையிழந்த தனி எலெக்ட்ரான்கள் நிற்கும். இவற்றோடு சேர ஆக்சிஜனுக்குத் தடையே இல்லை. அப்போதுதான் தீ.

ஆகவே ஆசை என்ற சொல், குச்சி ஏன் எரிகிறது என்பதைப் பாதி சொல்கிறது. ஏன் எரியாமல் இருக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. பறித்தல் என்பதும் முழு உண்மை அன்று. எரிந்து உண்டாகும் கரியமில வாயுவில் கார்பன் தன் எலெக்ட்ரான்களை இழந்துவிடவில்லை. அவை பொதுவிலேயே உள்ளன. ஆக்சிஜன் பக்கம் சற்று நெருங்கியிருக்கின்றன. இழந்தது, பெற்றது என்று நாம் எழுதுவது கணக்குப் புத்தக வசதிக்காகத்தான்.

இரண்டாம் உரைகல்: தீயின் நிறம்

அடுத்து வண்ண மத்தாப்பு. உலோக அணுவின் எலெக்ட்ரான் வெப்பத்தால் மேல் நிலைக்குத் தாவி, கீழே இறங்கும்போது நிறம் தருகிறது என்பது வழக்கமான விளக்கம். சோடியத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். சமையலறையில் உப்பு நீர் அடுப்பில் தெறிக்கும்போது தோன்றும் மஞ்சள் நிறம், சோடியம் அணுவின் எலெக்ட்ரான் செய்வதே.

ஆனால் இந்த ஒரே விளக்கத்தை எல்லா நிறத்துக்கும் ஒட்டிவிடுவது பிழை. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் நிறம் தனி அணுவின் தாவல் அன்று. சூடேறிய கரித்துகள்களின் ஒளிர்வு. ஒரு கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதியில் சற்றுப் பிடித்துப் பாருங்கள், கரி படியும். சுடரின் அடியிலுள்ள நீலம் வேறு கதை. மெழுகின் மூலக்கூறுகள் உடைந்து தோன்றும், இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட துணுக்கும், ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட துணுக்கும் அதைத் தருகின்றன. ஒரே சுடரில் இருவகை ஒளி!

வாணத்தின் சிவப்பும் பச்சையும் இன்னும் சுவையானவை. நல்ல சிவப்பைத் தருவது தனி ஸ்ட்ரான்ஷியம் அணு அன்று. அது குளோரினோடு சேர்ந்த மூலக்கூறு. நல்ல பச்சையைத் தருவது பேரியமும் குளோரினும் சேர்ந்தது. இந்த மூலக்கூறுகள் உறுதியற்றவை. புட்டியில் அடைத்து வைக்க முடியாது. தீக்குள்ளேயே பிறந்து தீக்குள்ளேயே மறைபவை. இவற்றுக்குக் குளோரின் கொடுப்பதற்காகவே மணி மருந்தில் பி.வி.சி. போன்ற குளோரின் ஏறிய கரிமப் பொருளைச் சேர்க்கிறார்கள். தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிளாஸ்டிக்தான் வானத்தில் நிறத்துக்கு உதவுகிறது.

இது வெறும் நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, 2021-இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. ஒரு தாதுவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் போயிற்று என்று நினைப்பவர்களுக்குத் தொழிலின் இடர்ப்பாடு விளங்காது. பச்சை நிறம் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் அமைந்துள்ள விதத்தைப் பொறுத்தது. அதே அமைப்பை வேறொன்றிடம் கேட்டுப் பெற முடியாது. பேரியம் நச்சுடையது என்பதும் உண்மை. அதற்கு ஈடு காண்பது கடினம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான அறிவியல் எழுத்து.

மூன்றாம் உரைகல்: செய்தித்தாளின் ஒரு சொல்

மூன்றாவதுதான் மிக முக்கியம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே சொல்: உராய்வு. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அத்துடன் செய்தி முடிந்துவிடும்.

விளக்கம் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கடுமையான குறை உண்டு. உராய்வு என்றதும் நம் மனக்கண்ணில் தெரிவது ஒரு தொழிலாளியின் கை. அவர் கவனமாக இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் கலவை பற்றுவதற்கு வழிகள் பல. கையால் வருவது அவற்றில் ஒன்றே.

நிலைமின்சாரம் ஒரு வழி. நைலான் துணி உடலோடு உராயும்போது மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறது. நைலான், பாலியெஸ்டர் முதலியவற்றில் எலெக்ட்ரான்கள் பிணைப்புகளுக்குள்ளேயே கட்டுண்டவை. சேர்ந்த மின்னூட்டம் வழிந்தோடப் பாதை இல்லை. பருத்தியோ செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுக ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள் உள்ளன. அவை காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. மருந்துக் கூடத்தில் பருத்தி ஆடை வேண்டும் என்ற விதி சம்பிரதாயம் அன்று, மூலக்கூறு அறிவியல். ஆனால் காற்றில் ஈரமே இல்லாத நாளில் பருத்தியின் காவலும் குறையும். வறண்ட வானிலைதான் இத்தொழிலைச் சிவகாசியில் வாழவைத்தது என்பார்கள். அந்த வறட்சியேதான் மின்னூட்டத்தையும் தேக்கி வைக்கிறது. மனித உடலில் ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைவாக ஏறினால் நமக்கு உணர்ச்சியே தெரிவதில்லை. தெரியாத பொறியும் பொறிதானே?

ஈரம் மற்றொரு வழி. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால், அலுமினியம் தன் எலெக்ட்ரான்களை நீருக்கும் நைட்ரேட்டுக்கும் மெல்ல மெல்லக் கொடுத்து வெப்பத்தை உண்டாக்கும். வெப்பம் கூடக் கூட வினை விரையும். யாரும் தொடாமலே குவியல் பற்றிக்கொள்ளலாம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை இன்னும் கொடியது. அதனால்தான் அதைப் பட்டாசுகளில் சேர்ப்பது நம் நாட்டில் 1992 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தீக்குச்சி முனையில் கடுகளவு பசையால் கட்டுண்டு கிடக்கும் அதே இரண்டு பொருள்கள், கூடையளவு பொடியாகக் கிடந்தால் கதையே வேறு.

இத்தனை வழிகளையும் ஒரே சொல்லில் அடக்கும்போது அறிவியலும் குறைகிறது, நியாயமும் குறைகிறது. தரையில் மின்கடத்தும் விரிப்பு இருந்ததா, தரையிணைப்பு இருந்ததா, மீந்த மருந்து இரவு முழுதும் கிடந்ததா, ஒரு கூடத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்ற கேள்விகளை எழுப்பவிடாமல் அந்தச் சொல் வாயை அடைத்துவிடுகிறது. இறந்தவரின் கையே காரணம் என்று சொல்லி முடிப்பது எளிது. அவர் மறுத்துப் பேச வரமாட்டார் அன்றோ?

என்ன வேண்டும்?

உவமைகளே கூடாது என்பது என் வாதம் அன்று. ஆசை, பறிப்பு, தாவல் எல்லாம் படிக்கட்டுகள். முதற்படியிலேயே மாணவனை உட்கார வைத்துவிடுவதுதான் குற்றம். எலெக்ட்ரான் விரும்புகிறது என்று எழுதும் ஆசிரியர், அடுத்த வரியில் அப்படியானால் ஏன் இது எரியவில்லை என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி போதும். பாடம் உயிர் பெறும்.

விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகளில் அமர்ந்து எலெக்ட்ரான் பாடம் படிக்கும் பிள்ளைகள் பலரின் தாயோ தந்தையோ, அதே நேரத்தில் மருந்துக் கூடத்தில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு எலெக்ட்ரான் என்பது வட்டத்தின் மேல் வைத்த புள்ளி அன்று. அம்மாவின் சேலை பருத்தியா நைலானா என்ற கேள்வியாகவும், மழை நாளில் மீந்த மருந்து என்ன ஆயிற்று என்ற கேள்வியாகவும் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அந்தப் பிள்ளையாக இருந்தால், இன்றிரவு வீட்டில் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.