பூசாரி போனால் போதுமா?

எங்க மாவட்டத்துக்காரங்க அந்த வீடியோவை மறந்திருக்க மாட்டாங்க. 2022 ஜூலையில் ஆலாபுரம் ஏரிச் சீரமைப்புப் பணியைத் தொடங்கி வைக்கப் போன அன்றைய தர்மபுரி எம்.பி. செந்தில்குமார், பூமி பூஜைக்கு இந்து பூசாரி மட்டும் நிற்பதைப் பார்த்துப் பொறியாளரைக் கேள்வி கேட்டார். பாதிரியார் எங்கே, இமாம் எங்கே, மதமே இல்லாத திராவிடர் கழகத்துக்காரர் எங்கே?

அரசு விழா ஒரு மதத்தின் விழாவாக இருக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வரிப்பணம் எல்லாரோடதும்தான். ஆனா அவர் வாதம் பாதி வழியில் நின்னுடுச்சுன்னு நினைக்கிறேன். மூணு மதத்தாரும் வந்து வேண்டிக்கிட்டாலும், எந்த ஏரியைத் தூர்வாருவது, எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது வேறொரு அறையில் முடிவாகுது. சடங்கு கேமராவில் தெரியும். கோப்புக்குள் நுழைந்த நம்பிக்கை தெரியாது.

அப்போ பக்திமான்கள் ஆட்சிக்கே வரக்கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. அதுக்கும் எங்க பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய தர்மபுரி அப்போ அதில்தான் இருந்தது. ராஜாஜி ஆழ்ந்த பக்தர். மதுவைத் தீமையாகப் பார்த்ததில் அந்தப் பக்திக்கும் பங்கு இருந்திருக்கும். ஆனா மதுவிலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம், கூலி கள்ளுக்கடையில் கரைந்து ஏழை வீட்டில் அடுப்பு எரியாமல் போகுது என்பது. இழந்த வருவாய்க்கு 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோதும் விவாதம் வருவாய் பற்றியும் குடும்பங்கள் பற்றியும்தான். அதை எதிர்க்க யாரும் ராஜாஜியின் கடவுளோடு சண்டை போட வேண்டியிருக்கல.

இதற்கு நேரெதிர் மத்தியப் பிரதேசம். பழங்குடியினர் நிறைந்த மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனையை 2015இல் முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் நிராகரித்தார். அவர் சைவ உணவுக்காரர். அந்த ஊர்க் குழந்தைகளில் பலர் வீட்டில் முட்டை விலக்கான உணவே இல்லை. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. இங்கே மதிக்கப்படுவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நம்பிக்கை. அங்கே ஜெயிச்சது ஆள்பவரின் நம்பிக்கை.

தலைவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வேணும்னாலும் வரட்டும். ஆனா ஆணைக்கு அவர் சொல்லும் காரணம், அந்த நம்பிக்கை இல்லாதவரும் சரிபார்த்து, மறுத்து, தேவைப்பட்டால் மாற்றக்கூடியதாக இருக்கணும். நாத்திகத் தலைவருக்கும் இதே அளவுகோல்தான்.

ஆலாபுரத்தில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஏரிக்கரையில் பூசாரியைக் கேட்பதோடு நிற்காமல், அந்த ஏரியை ஏன் தேர்ந்தெடுத்தாங்க, பக்கத்து ஏரியை ஏன் விட்டாங்கன்னும் கேட்கணும். அதுக்கு வரும் பதிலில்தான் அரசு மதச்சார்பற்றதா என்பது தெரியும்.