இரண்டு பின்களின் மகிமை

பிக்கப் வண்டியின் முன்சக்கரம் கீச்சிடத் தொடங்கியவுடன் புதுப் பிரேக் பேட் வாங்கக் கடைக்கு ஓடுகிற சம்பிரதாயத்தை நான் அடியோடு நிராகரிக்கவில்லை. பேட்டோடு சேர்த்து வைத்திருக்கும் சிறு எஃகுத் தகடு, பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஏற்பட்டது. அது கத்தினால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கனம்கூடத் தேயாத பேட் ஊருக்குள் மெதுவாகப் போகையில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூச்சலிடுவதும், அதைக் கழற்றி எறிந்துவிட்டு அதனினும் விலை உயர்ந்த ஒன்றைப் பூட்டினால் சில வாரங்களில் அதே கூச்சல் திரும்பி வருவதும் நம் பட்டறைகளில் நித்திய நிகழ்ச்சியாகிவிட்டபடியால், குற்றம் பெரும்பாலும் பேட்டில் இல்லை, பேட்டை டிஸ்கின்மேல் அழுத்தும் கேலிப்பரை நகரவிடும் அந்த இரண்டு பின்களில்தான் இருக்கிறது என்ற என் அபிப்பிராயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

இந்த அபிப்பிராயம் எனக்குச் சுயமாக உதித்ததன்று. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளிக்குப் போகிற சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் கேட்டு அறிந்தது. பெயரை அச்சில் பார்த்தால் கோபித்துக்கொள்வார், ஆகையால் சொல்லவில்லை. கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தையிலிருந்து அன்னாசியும் பலாவும் வாழைத்தாரும் பாரம் ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிற வண்டிகளே அவருடைய வாடிக்கை. பிரேக்கைப் பற்றி அவர் சொல்லுவதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே, வேலை ஒன்றும் இல்லாத நாட்களிலும் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் கேலிப்பரைக் கழற்றினால் அது ஹோஸில் தொங்காது. கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிட்ட பிறகுதான் மற்ற வேலை. பின்களை ஒவ்வொன்றாக ரப்பர் உறையிலிருந்து உருவி, மேல் பின்னை ஒரு டப்பா மூடியிலும் கீழ்ப் பின்னை வேறொன்றிலும் வைப்பார். பல வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும், மற்றதில் இராது; இடம் மாற்றிப் போட்டால் அதுவே ஒரு வியாதி. பிறகு பின்னைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உருட்டி வெளிச்சத்தில் பார்ப்பார். பழைய கிரீஸ் வெந்து கறுத்துக் களியாகியிருக்கும். உறையில் ஊசித்துளை அளவு கிழிசல் இருந்தாலும் போதும், அதன் வழியே மழைநீர் இறங்கித் துரு அம்மைத் தழும்பாக அரித்திருக்கும். அப்படி அரித்த பின்னை எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வித்தை அவரிடம் கிடையாது. மேற்பூச்சுப் போன பின் சீக்கிரமே மறுபடி துருவேறும் என்று சொல்லிப் புதிதாக வாங்கிவரச் சொல்லிவிடுவார். நல்ல பின்னானால் பனியன் வேஸ்டால் துடைத்து, அது நுழையும் துவாரத்தையும் மெல்லிய கம்பியில் துணி சுற்றிக் கிரமமாகத் துடைத்தெடுத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு ஒரு படலமாக மட்டுமே பூசுவார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். துவாரம் நிறைய அடைத்தாலோ, உள்ளே சிக்கிய கிரீஸ் பின்னை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிரியமான கட்டம். பின்னை ஒரே விரலால் உள்ளே அழுத்திவிட்டு விரலை எடுத்துக்கொள்வார். அடைபட்ட காற்றின் வலுவில் பின் நிதானமாக, ஒரு நூல் அளவு, தானே பின்வாங்கி வரும். அது வந்தால் உறை சேதமில்லை, துவாரம் சுத்தம், கிரீஸ் அளவு சரி என்ற மூன்று விஷயங்களும் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடுகின்றன. வராவிட்டால் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்; வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.

"பேட் எங்கீங்க கத்துது? ஒதுங்கறதுக்கு வழி இல்லீன்னா அது வேற என்னதான் பண்ணுமுங்க?" என்பார்.

இதைவிடச் சுருக்கமான வியாக்கியானத்தை நான் எங்கும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் ஊறிப்போன கதவைப் போலக் கேலிப்பர் இறுகி நின்றுவிட்டால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. ஓடி ஓடிக் காய்ந்து, முகம் கண்ணாடிபோல் இறுகி, பிடிப்பதும் நழுவுவதுமாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. நாம் கேட்பது அந்த அதிர்வைத்தான். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் தேயாமல் இருப்பதைக் கண்டால் பின்னை உருவிப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடலாம்.

இந்தக் கூச்சல் புதிதும் அன்று. 1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, அவர் செம்பால் செய்த பேட் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி அலறிற்று. 1907-ல் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் பதித்த பிறகுதான் அது அடங்கிற்று. அந்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்தது வேறு கதை. ஆயினும் பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிப் பட்டறை முழுதும் பறக்கவிடும் பிள்ளைகளைக் கண்டால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது; ஈரத் துணியால் துடைத்தால் என்ன குறைந்துவிடும்?

பேட்டின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் சப்தம் போய்விடும் என்பவர்கள் ஒரு கட்சி. அவர்கள் சொல்லுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் பின் இறுகிய வண்டியில் அந்தச் சிகிச்சை அதிக நாள் நிற்காது. செராமிக் பேட்தான் சாந்த சொரூபி என்பது இன்னொரு கட்சி. சமவெளியில் ஓடுகிற காருக்கு அப்படியே இருக்கட்டும். மலை இறங்குகிற பாரவண்டிக்கு உலோகத்தூள் கலந்த பேட்டே என் தேர்வு. கொஞ்சம் முணுமுணுத்தாலும் சூட்டில் கைவிடாது. சென்னையின் பாடியில் 1962 முதல் பிரேக்குகளைச் செய்துவரும் ஒரு தேசத்தில், பெட்டியின் அச்செழுத்தே கோணலாக இருக்கும் போலிப் பேட்டைச் சொற்ப லாபத்துக்காக வாங்கிப் பூட்டுகிறவர்களோடு வாதம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

நான் சமாதானமே செய்துகொள்ள முடியாதவர்கள் லேத் கட்சிக்காரர்கள். பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்கையும் கடைசல் பிடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். டிஸ்க் என்பது சூட்டை வாங்கித் தாங்குகிற இரும்பு. வார்ப்பிரும்பில் கிராஃபைட் இழைகள் விரவியிருப்பதால்தான் அது அதிர்வையும் ஓரளவு விழுங்குகிறது. அதை மெலிய வைத்தால் அடுத்த இறக்கத்தில் அதே சூடு குறைந்த இரும்பில் ஏறும். இதற்கு மேல் தேயக்கூடாது என்ற கன அளவை டிஸ்கிலேயே பொறித்துத்தான் அனுப்புகிறார்கள்; அதைத் துடைத்துப் படித்துவிட்டுக் கடைசலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பெடல் காலில் துடித்தால் உடனே "டிஸ்க் பெண்டு" என்று சொல்லிவிடுகிறார்களே, அதுவும் அநேகமாக அபவாதமே. மேஸ்திரி மைக்ரோமீட்டரை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்துச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளப்பார். வளைவு இராது, கனம் இடத்துக்கு இடம் வித்தியாசப்படும். ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் புது டிஸ்கை அதன்மேல் உட்கார வைத்ததும், வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத முறுக்கில் இறுக்கியதுமே அதன் மூலகாரணம். மயிரிழை கோணலாகச் சுற்றுகிற டிஸ்க், பேட்டை ஒரே பக்கத்தில் தொட்டுத் தொட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடத்தில் மெலிந்து நிற்கிறது. மலை இறங்கி வந்த சூட்டோடு காரவள்ளி டீக்கடை முன்னால் பெடலை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பேட்டின் பிசினை டிஸ்கில் முத்திரை குத்துகிறார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காலை எடுத்தால் போயிற்று. வாளித் தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்கிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்கின்மேல் படரும் செந்துருவோ, இரண்டு மிதியில் போய்விடுகிற விஷயம். அதற்காகப் பட்டறைக்கு வருகிறவர்களை மேஸ்திரி கூலி வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்.

புதுப் பேட் பூட்டியபின் அவரே வண்டியை எடுத்து, மலைப்பக்கம் போகாமல் சமதரைச் சாலையில், அறுபதிலிருந்து இருபதுக்கு வேகத்தை நிதானமாகக் குறைத்து, எங்கும் முழுவதும் நிற்காமல், பல முறை ஓட்டிப் பழக்குவார். சொந்தக்காரர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரத்துப் பெரிய ஷெட்டுகளில் இருபது நிமிஷத்தில் நான்கு பேட்டும் மாற்றி, சுத்தியலால் டிஸ்கைத் தட்டிக் கழற்றி, பின்னைத் தொடாமலே பில் நீட்டுகிறார்கள். இளைஞர்களின் கை வேகத்தில் எனக்குக் குறை இல்லை. இரண்டு பின்களுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க முதலாளிகளுக்கு மனம் வராததுதான் குறை.

ஆகையால் வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை பேட் மாற்றக் கொடுக்கையில் பழைய பேட் நான்கையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே கனமாக இல்லாவிட்டால், பின்களை உங்கள் கண்ணெதிரே உருவிக் காட்டும்வரை கூலியைக் கொடுக்காதீர்கள்.