மேலிருந்து பார்த்தல்

திருமலை நாயக்கர் மஹால் 'தென்னாட்டு பரோக்' என்றார் நண்பர் ஒருவர். பருத்த தூண்கள், வளைவுகள், சுதை வேலை - சொல் பொருந்துவதுபோலத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. பார்க்கிறவன் எங்கே நிறுத்தப்படுகிறான் என்பதை வைத்துத்தான் ஒரு பாணியைத் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பியேர் பத்தேல் 1668இல் வரைந்த வெர்சாய் ஓவியத்தின் அச்சுப்பிரதி ஒன்று என்னிடம் உண்டு. நடுவில் அரண்மனை. பின்னால் அடிவானம்வரை நேர்கோட்டில் ஓடும் தோட்டம். முன்னால் வந்துகொண்டிருக்கும் அரசனின் வண்டிகள். அத்தனையையும் ஒருசேரக் காட்ட ஓவியன் நம்மை ஆகாயத்தில் தூக்கி வைக்கிறான். அன்று எந்த மனிதனும் நின்றிருக்க முடியாத இடம் அது. மரமும் தண்ணீரும் பதினான்காம் லூயிக்குக் கட்டுப்பட்டவை என்று நம் கண்ணே ஒத்துக்கொண்டுவிடுகிறது. அதிகாரம் அந்தக் கோணத்திலேயே இருக்கிறது.

1636இல் மஹாலைக் கட்டிய திருமலை, தன் உருவத்தைப் புதுமண்டபத்துத் தூணில் வைத்தார். அண்மைக்காலம்வரை தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே கைகூப்பி நின்றார். நம்மைப்போலவே தரையில் நின்று சந்நிதிப் பக்கம் பார்க்கிற அரசன். அவருடைய ஜியோமிதித் தோட்டம் 1645இன் வண்டியூர்த் தெப்பக்குளம்: சதுரமான நீர், நடுவில் மைய மண்டபம், சுற்றி மரங்கள். மஹாலுக்கு மண் எடுத்த பள்ளம் என்று ஊரில் சொல்வார்கள். தைப்பூசத்தன்று அதில் வலம் வருவது மீனாட்சியும் சொக்கரும். அரசனுக்கும் கரைதான்.

மஹாலைப் படமாகப் பரப்பியவர்கள் தாமஸ், வில்லியம் டேனியல். அவர்கள் மதுரைக்கு வந்தது 1792இல். பேரன் சொக்கநாதன் பிரித்தெடுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக எஞ்சியதைத்தான் பார்த்தார்கள். 'இடிபாடு' என்றே ஒரு படத்துக்குத் தலைப்பும் தந்தார்கள். சிதிலத்தை ரசிக்கும் அந்த ஆங்கிலக் கண் இன்னும் நம்மிடம் இருக்கிறது. புறாக்களும் உதிர்ந்த காரையுமாக நானே இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் டேனியல் பார்த்ததை நான் படியெடுத்திருப்பது தெரிகிறது.

வெர்சாயின் ஆகாயமும் வேண்டாம், டேனியலின் இடிபாடும் வேண்டாம். வங்கி முடிந்து தெப்பக்குளத்துப் படியில் உட்காரும்போது கண் மட்டத்தில் மண்டபம் தெரிகிறது. அதன் மறுபக்கம் தெரிவதில்லை. இந்தத் தெரியாமையிலிருந்து எழுத நமக்கு இன்னும் பழக்கமாகவில்லை.