ஆபுத்திரன் கேட்டறிந்தது

மணிமேகலையைத் திறனாய்வோர் பெரும்பாலும் அமுதசுரபியின் அற்புதத்தையே வியந்துரைப்பர். ஆயின், நம் பாண்டி நாட்டு மதுரையில் சிந்தாதேவியிடம் அப்பாத்திரத்தைப் பெற்ற ஆபுத்திரனின் துயரம் எங்கே பிறக்கிறது? பாத்திரம் வற்றியதாலன்று, மழை பொழிந்து நாடு செழித்தபின் உண்பாரின்றிப் போனதால். ஊர்தோறும் சென்று உண்பவர் உளரோ என வினவி நகைப்புக்கு ஆளானான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கலத்தில் வந்தோர் சொல்லக் கேட்டே, அவன் கடலேறப் புறப்பட்டான். கொடுக்குமுன் கேட்டறிந்த இப்பண்பையே சாத்தனார் படைப்பின் உயிராக நாம் கருதுகிறோம்.

பௌத்தக் காப்பியத்தில் நமக்கென்ன வேலை என்பாரும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் சென்று வந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். காரைக்குடிப் பக்கமிருந்து துணி மூட்டைகளை லாரியில் ஏற்றியனுப்பியோருள் நாமும் ஒருவர். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்தோம்; அஸருக்குள் பள்ளிவாசல் திண்ணை நிறைந்துவிட்டது. பொத்தான் அறுந்த சட்டைகள், சாயம்போன சேலைகள்! அங்கே சென்று பார்த்தால், எல்லாச் சமயத்தாரும் எல்லா ஊராரும் அனுப்பிய பழந்துணிகள் சாலையோரமெங்கும் குவிந்து கிடந்தன. படகும் வலையும் இழந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாமே வாங்கமாட்டாத மட்டமான பொருளை அறத்துக்கென ஒதுக்கலாகாது என்று அல்பகரா 267ஆம் வசனத்துக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பவர் நாம். அம்மூட்டைகளைக் கட்டியவரும் நாமே.

2015 சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி மக்களுக்கு இடமும் உணவும் தந்தன. வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களையும் துப்புரவு செய்தனர். அண்டை வீட்டார் தேவையைக் கண்ணால் கண்டு செய்த பணி அது. தொலைவிலிருந்து அனுப்பும்போதுதான் நமக்குக் கால் இடறுகிறது.

ஹிஜ்ரி 18இல் அரபுநாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் தம் ஸுஃப்ராவில் உண்டோரை எண்ணச் செய்தார்கள். இப்னு ஸஅதின் தபகாத் தரும் அறிவிப்பின்படி அவர்கள் ஏழாயிரம் பேர். அத்தோடு விட்டார்களில்லை. வர இயலாத குடும்பத்தார், நோயாளர், சிறுவர் ஆகியோரையும் எண்ணச் சொன்னார்கள், அத்தொகை நாற்பதாயிரம்! அந்த இரண்டாவது கணக்கை எடுப்பதற்கென்று நம் ஜமாஅத்திலிருந்து நாகைக்கு ஓராளையேனும் முன்கூட்டி அனுப்ப நமக்குத் தோன்றவில்லை. லாரி வாடகைக்கு மட்டும் வசூல் செய்தோம்.